இஞ்ச எல்லாம் சுகம்

தம்பி முதல் மணியிலேயே போனை எடுத்தான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று.

என் தம்பியைத் தெரிந்தவர்களுக்கு நான் அப்படி நினைத்ததில் வியப்பே இருக்காது. அவன் வீடு டண்டினொங்கில். அம்மா அவனோடுதான் இருக்கிறார். நாங்கள் ட்ருகனினாவில், மெல்பேர்னின் மற்ற அந்தத்தில். நான் கோல் எடுத்தால் முதல் தரம் எடுக்கமாட்டான், இரண்டாம் தரமும் எடுக்கமாட்டான். பின்னேரம் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும். அப்படிப்பட்டவன், நான் பிரான்சில் ஒரு வால்நட் தோட்டத்து வேலியோரம் நின்று எடுத்த கோலை உடனே எடுத்து, "அண்ணா, சொல்லுங்கோ" என்கிறான். அதுவும் எவ்வளவு பணிவாக!

"அம்மா எங்கை?"

"அம்மா படுத்திட்டா."

"இந்த நேரத்திலயோ? அங்க இப்பதானே பொழுதுபடுது?"

"கொஞ்சம் களைச்சுப் போனா அண்ணா. இஞ்ச எல்லாம் சுகம். நீங்கள் ஆறுதலா நடந்துபோட்டு வாங்கோ."

ஆறுதலாகவாம்! பக்கத்தில் என் மனைவி, நிலத்தில் விழுந்து கிடந்த வால்நட் காயொன்றைச் சப்பாத்துக் காலால் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னவாம்?" என்றாள். "எல்லாம் சுகமாம்" என்றேன். "பிறகென்ன?" என்றாள். அதுதானே, பிறகென்ன! அவளுக்கு என்ன தெரியும்?

இந்த நடை அவளுடைய ஆசை. எனக்கு நடை என்றால் கார் நிறுத்துமிடத்திலிருந்து கடைவாசல் வரைக்கும்தான். நாள் முழுக்க வெயார்ஹவுஸுக்குள் நடந்துவிட்டு வருகிறவனுக்கு விடுமுறையிலும் நடக்கவேண்டும் என்று என்ன தலையெழுத்து? ஆனால் அவள் வெரிபீயில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே முன்பு ஒரு பிரெஞ்சுக் கிழவி இருந்தாராம். காலையில் இவள் குளிக்கவார்க்கும்போதெல்லாம், தான் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் குன்று குன்றாக ஏறி இறங்கி அடுத்த ஊர் இறைச்சிக் கடைக்காரனின் மகனைப் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொல்லுவாராம். அந்தப் பொடியனைப் பற்றி இவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. அந்தப் பாதைதான் இவளைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்து, எங்கள் வீட்டுத் திட்டத்தின் செயற்கைக் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து காலைப் பழக்கினாள்.

பயணத்தை ஒழுங்குசெய்தது சிட்னியில் தாதியாக வேலைசெய்யும் எங்கள் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒவ்வொரு ஊரிலும் தங்க ஓர் அறை. காலையில் ஒரு வான்காரர் எங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த ஊரில் வைப்பார். பெட்டி வானில் போகும், பெட்டிக்காரர் நடந்து போவோம். இதைவிட விசர் வேலை உலகத்தில் உண்டா என்று கேட்டேன். "அப்பா, ஜஸ்ட் வோக்" என்றாள் மகள். பாரிசில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளில் வேறு கோபம். தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வந்து ஒருவேளை சாப்பிடாமல் காட்டுக்குள் என்ன வேலை என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

உண்மையைச் சொன்னால் வடிவான இடம்தான். பாதை ஏறும், இறங்கும், மூச்சு வாங்கி முடிவதற்குள் திரும்பவும் ஏறும். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கல் அடுக்கிய தாழ்வான மதில், ஓக் மரங்கள், கறுப்பு முகமுள்ள செம்மறிகள். வழி தெரிவதற்காக மரத்திலும் கல்லிலும் வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறார்கள். பிழையான பக்கம் திரும்பினால் அதே நிறத்தில் ஒரு பெருக்கல் குறி. ஊர்கள் குன்றின் உச்சியில் இருக்கும். பழைய கோட்டை வாசல் ஒன்று, அதற்குள் மஞ்சள் கல் வீடுகள், ஒரு தேவாலயம், அந்தக் காலத்தில் பெண்கள் உடுப்புத் தோய்த்த பெரிய கல்தொட்டி. எல்லாம் இருக்கும், மனிதர் மட்டும் இருக்கமாட்டார்கள். மத்தியானத்தில் போனால் ஒரு பூனை இருக்கும். கடை பூட்டு. பாணும் சீஸும் சாப்பிட்டு நாக்குச் செத்துப்போய்விட்டது. நல்லகாலம், மனைவி சட்டைப் பைக்குள் ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டுவந்திருந்தாள்.

ஒவ்வொரு ஊர்ச் சந்தியிலும் ஒரு கல் நின்றது. போரில் செத்தவர்களின் பெயர்களை வெட்டி நட்டிருந்தார்கள். நாலு வீடு இருக்கிற ஊரிலும் அந்தக் கல் இருந்தது. செத்தவனைச் செத்தவன் என்று நடுச்சந்தியில் எழுதிவைத்த அந்தச் சனத்தின்மேல் எனக்கு மதிப்பு வந்தது. எங்கள் ஆட்களுக்கு அது வராது.

எங்கள் ஆட்கள் தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள். பயணம் போனவனுக்கு என்றால் தலைகீழாக நின்றாலும் சொல்லமாட்டார்கள். அவன் சோதனை எழுதி முடிக்கட்டும், அவள் பிள்ளை பெற்று எழும்பட்டும், அவர் வந்து இறங்கட்டும், இறங்கிச் சாப்பிடட்டும் என்று வைத்திருப்பார்கள். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், உரியவனுக்கு மட்டும் தெரியாது. இதையெல்லாம் அன்பினால்தான் செய்கிறார்கள். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது, யாரையும் பேசவும் முடியாது.

அப்பா செத்தபோது எனக்கு இதைத்தான் செய்தார்கள். நான் மெல்பேர்னுக்கு வந்த புதிதில், விசா விசாரணைக்குக் காத்திருந்த காலம். போன் எடுத்தால் அம்மா "அப்பா கோயிலுக்குப் போட்டார்" என்பார். அடுத்தமுறை "அப்பா குளிக்கிறார்." நானும் அவருக்குக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பிறகு ஒருநாள் டண்டினொங்கில் மரக்கறி வாங்கப் போனேன். கடைக்கார அன்ரி என் கையைப் பிடித்தார். "அப்பான்ர விஷயம் கேள்விப்பட்டனான் தம்பி. தைரியமா இரும்" என்றார். கையில் கத்தரிக்காயோடு நின்றேன். ஊரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள்கூட முடிந்திருந்தன. மூத்த மகன் நான். கொள்ளி வைத்தவன் தம்பி. அன்றைக்கு அந்தக் கடைக்குள் நின்று முடிவெடுத்தேன், இனிமேல் ஒருத்தனும் என்னை இப்படி ஏமாற்ற விடமாட்டேன் என்று.

ஆகையால் முதல் மணியில் எடுத்த போன் எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

அடுத்தநாள் காலை, தங்கியிருந்த வீட்டில் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தபடியே வீடியோக் கோல் எடுத்தேன். தம்பியின் மனைவி வந்தாள். "அம்மாவைக் காட்டும் பாப்பம்" என்றேன். "மாமி பாத்றூமில, அத்தான்" என்றாள். பாத்றூமில்! அப்பாவும் குளித்துக்கொண்டுதானே இருந்தார்! அவள் போனைக் கொஞ்சம் சரித்தபோது அவளுக்குப் பின்னால் சாமித் தட்டுத் தெரிந்தது. விளக்கு எரியவில்லை. அங்கே பொழுதுபட்டு விட்டது, வெள்ளிக்கிழமை வேறு. அந்த வீட்டில் பின்னேர விளக்கு எரியாமல் நான் ஒருநாளும் கண்டதில்லை. சாவுத் துடக்கு வீட்டில்தான் விளக்கு ஏற்றாமல் விடுவார்கள்.

"அம்மான்ர குரலையாவது கேக்கவேணும், தம்பியைக் கூப்பிடும்" என்று சத்தம் போட்டேன். தம்பி வந்தான். தலையைச் சொறிந்தான். "அம்மா ஒருத்தரோடயும் கதைக்கமாட்டாவாம் அண்ணா" என்றான். பொய் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா? வாழ்நாளில் வாய் மூடாத மனுஷி கதைக்கமாட்டாவாம்!

அன்றைய நடையில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மேட்டில் ஏறினால் சிக்னல் வருகிறதா என்று பார்ப்பேன், பள்ளத்தில் இறங்கினால் எப்போது மேடு வரும் என்று பார்ப்பேன். டொரொன்டோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் "தைரியமா நடவுங்கோ" என்று எழுதி, கும்பிடு போட்ட கைகளை அனுப்பியிருந்தார். எதற்குத் தைரியம்? எதற்குக் கும்பிடு? மகளுக்கு எடுத்தேன். தானும் சித்தப்பாவோடு கதைத்ததாகச் சொன்னாள். "அப்பம்மா இஸ் ஃபைன், அப்பா. ரிலாக்ஸ்." அவளுக்கும் சொல்லவில்லை, பாவம் பிள்ளை, என்று நினைத்தேன்.

பின்னேரம் ஒரு ஊரின் கல்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து சண்டை பிடித்தோம். தொட்டிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே வைத்திருந்தாள்.

"நாளைக்கு வெளிக்கிடுவம்" என்றேன். "அம்மா போட்டா. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு விசரே? அப்பிடியெண்டால் சொல்லுவினம்தானே."

"அப்பா செத்தநேரம் சொன்னவையே?"

அவள் காலால் தண்ணீரை அளைந்தாள். பிறகு, "அப்ப நீங்கள் போங்கோ. உங்கட அம்மா. நான் மறிக்கேல்லை" என்றாள்.

"நீர்?"

"நான் நடந்து முடிச்சுப்போட்டு வாறன். எத்தினை வருஷமா மற்றவையின்ர படுக்கையை மாத்திக்கொண்டு நிக்கிறன். இது ஒண்டுதான் நான் எனக்கெண்டு கேட்டது."

"தனியவோ? பாஷையும் தெரியாது. பயமில்லையோ?"

"பாதையில கோடு கீறிக் கிடக்கு. எனக்கு அது காணும். உங்களோட நடக்கிறதுதான் பயம். நிலத்தைப் பாக்காமல் போனைப் பாத்துக்கொண்டு வாறியள்."

எனக்குக் கோபம் வந்தது. என் அம்மா செத்துக் கிடக்கிறார், இவள் நடக்கப் போகிறாளாம். சொல்லக்கூடாத ஒன்றிரண்டைச் சொன்னேன். அவள் காலைத் துடைத்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போனாள். மறுநாள் காலையில் மழை தூறியது. கோட்டை வாசலில் டாக்சி வந்து நின்றது. அவள் இரண்டு கையிலும் தடிகளோடு பாதையில் இறங்கி, வளைவில் நின்று ஒருதரம் கையைக் காட்டினாள். நான் டாக்சிக்குள் இருந்து தலையை மட்டும் ஆட்டினேன்.

ரயிலில் இருப்புக் கொள்ளவில்லை. பாரிஸ் விமான நிலையத்திலும் அப்படித்தான், பிளேனுக்குள்ளும் அப்படித்தான். பக்கத்தில் இருந்தவர் என்னைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தார், நான் அவரைவிடக் கூட எழும்பினேன். மூத்தவன் நான். இந்தமுறையும் என்னை விட்டுவிட்டு எரித்து முடித்திருந்தால் தம்பியின் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று நினைத்தேன். இல்லை, எனக்காக வைத்திருப்பார்கள், குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பார்கள் என்று பிறகு நினைத்தேன். அதை நினைத்ததும் அழுகை வந்தது. சாப்பாடு கொண்டுவந்த பெண் ஒரு மெல்லிய துவாயைக் கையில் தந்துவிட்டுப் போனாள்.

மெல்பேர்னில் இறங்கி நேரே டண்டினொங்குக்கு டாக்சி பிடித்தேன். பின்னேரம். தெருவில் கார்கள் நெரிந்து நிற்கும், வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. முடித்துவிட்டார்கள், எல்லாம் முடித்துவிட்டார்கள். மணியை அமத்தினேன்.

கதவைத் திறந்தது அம்மா.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நேர இஞ்சயோடா வந்தனி?" என்றார்.

நான் பெட்டியை விட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்து, வாசல்படியில் நின்றபடியே ஓவென்று அழுதேன். முன்வீட்டு வியட்நாம்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "விடடா, விழுத்திப்போடுவாய்" என்று அம்மா என் முதுகில் அடித்தார்.

விஷயம் என்னவென்றால், அம்மாவின் பல்லுச்செட் உடைந்து திருத்தக் கொடுத்திருந்தார்கள். பொக்கை வாயோடு ஒருத்தருக்கும் முகம் காட்டமாட்டேன், கதைக்கவும் மாட்டேன், பல்லின் விஷயத்தை வெளியில் சொன்னால் தெரியும் சேதி என்று தம்பிக்குக் கட்டளை. விளக்கு? சாம்பிராணி போட்டால் புதிதாகப் பூட்டிய ஸ்மோக் அலாரம் வீடு அதிரக் கத்துகிறதாம்; அதனால் விளக்கையும் சாம்பிராணியையும் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். முதல் மணியில் ஏன் எடுத்தாய் என்று தம்பியைக் கேட்டேன். "கையில இருந்தது, எடுத்தனான்" என்றான். டொரொன்டோ அண்ணனைக் கேட்கவே தேவையில்லை, அவர் தைரியம் சொன்னது என் நடைக்கு.

எல்லாருக்கும் நல்லாய் ஏசினேன். ஏச ஏசச் சிரிப்பும் வந்தது. உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கி, குசினிக் கதிரையில் போய் விழுந்தேன். மனைவிக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. "அங்க இப்பதானே விடியுது, நித்திரையா இருப்பா" என்றான் தம்பி. அவன் மனைவி இடியப்பமும் சொதியும் வைத்தாள். "சாப்பிட்டிட்டுப் படுங்கோ அத்தான். எழும்பின பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்றாள். பசி. சாப்பிட்டேன். என்ன கதைப்பது என்று கேட்கவும் தோன்றவில்லை.

அம்மா எனக்கு எதிரே இருந்து இடியப்பத்தைச் சொதிக்குள் ஊறவைத்து நசித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அவளுக்குக் கால்ல கட்டுப் போட்டாச்சாமோ?"

"ஆருக்கு?" என்றேன்.

தம்பி சுவரைப் பார்த்தான். அவன் மனைவி பைப்பைத் திறந்து, கழுவி வைத்த கோப்பையைத் திரும்பவும் கழுவத் தொடங்கினாள்.

மழையில் நனைந்த கல்படிகளில் இறங்கும்போது வழுக்கியிருக்கிறாள். கணுக்கால் முறிந்துவிட்டது. எழும்ப முடியாமல் பாதையிலேயே கிடந்திருக்கிறாள். நாயோடு வந்த ஒரு தோட்டக்காரர் கண்டு ஆட்களைக் கூப்பிட்டு, பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அடுத்தநாள் ஒப்பரேஷன். அவள் விழுந்தது நான் வெளிக்கிட்ட அன்றே. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தம்பியின் மனைவிக்குக் கோல் எடுத்தபோது நான் பாரிஸ் விமான நிலையத்தில் கோப்பி குடித்துக்கொண்டு, தம்பிக்கு ஏசி ஒரு நீளமான மெசேஜ் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் சொன்னதைத் தம்பியின் மனைவி அப்படியே ஒப்புவித்தாள்: "அவர் வந்து இறங்கட்டும். சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பட்டும். பிறகு சொல்லுங்கோ."

நாலைந்து தரம் அடித்த பிறகு அவள் எடுத்தாள். குரல் கலங்கிக் கிடந்தது.

"ஆர் சொன்னது?" என்றாள்.

"அம்மா."

"அம்மாவோ? அம்மா இருக்கிறாவோ?" அவள் விம்மியது கேட்டது. "கடவுளே. நீங்கள் சொல்லச் சொல்ல நானும் நம்பிப்போட்டன். இவையள் சுகம் எண்டு சொன்னாலும் என்னெண்டு நம்பிறது?"

"அவவுக்குப் பல்லுத்தான் இல்லை. நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் பாரிசிலதானே நிண்டனான்! திரும்பி வந்திருப்பன்தானே!"

"வந்திருப்பியள். அதுக்காகத்தான் சொல்லேல்லை. என்ர காலால நீங்கள் அம்மான்ர செத்தவீட்டையும் விட்டிருந்தால், பிறகு வாழ்நாள் முழுக்க என்ர முகத்தைப் பாத்திருக்கமாட்டியள்."

அவள் அந்த மழைக்குள் கல்லில் கிடந்தபோதும் இதைத்தான் யோசித்திருக்கிறாள். நான் டாக்சிக்குள் இருந்து கைகூடக் காட்டாமல் வந்தவன். "நாளைக்கே வாறன்" என்றேன். "முதல்ல நித்திரை கொள்ளுங்கோ" என்றாள். தாதி வந்துவிட்டாள்போல, வைத்துவிட்டாள்.

தம்பி லப்டொப்பைத் திறந்து டிக்கட் தேடத் தொடங்கினான். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் சிட்னியில் இருந்து மகள் எடுத்தாள். பின்னால் கார் ஓடுகிற சத்தம்; வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அப்பா, வந்து சேந்திட்டியளோ? அம்மா ஃபோன் எடுக்கிறா இல்லை. நேற்றும் எடுக்கேல்லை. ஈஸ் ஷீ ஓகே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா நல்லா இருக்கிறா பிள்ளை" என்றேன். "அந்தக் காட்டுக்குள்ள சிக்னல் இல்லை. நடந்துகொண்டிருப்பா."

"ஆர் யூ ஷுவர்?"

"ஓம் ஓம். நீ பாத்து ஓட்டு. வேலைக்குப் போட்டு வா, பிறகு கதைப்பம்."

"ஓகே அப்பா" என்றாள். அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை அவள்.